உப்புக் கரைந்த நீர்



12 வயதில் குருகுலம் புகுந்து, 24 வயதில் வேதங்களையெல்லாம் ஓதி முடித்துத் திரும்பிய சுவேதகேது என்னும் இளைஞனைச் சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் காண்கிறோம். கல்வியோடு செருக்கும் அவனுடன் வீடு வந்து சேர்ந்தது. தந்தையார் உத்தாலக ஆருணி அதனைக் கண்டுகொண்டார், ஆயினும் சினந்தாரில்லை. எதனை அறிந்தால் அறியாதனவும் அறிந்தனவாகுமோ, அதனை ஆசிரியரிடம் கேட்டனையோ என்று வினவினார். மகன் விழித்தான்.

குடமும் சட்டியும் பெயரால் வேறு, பொருளால் மண்ணே. அவ்வாறே உலகனைத்திற்கும் மூலமாய் ‘சத்’ என்னும் உள்பொருள் ஒன்று உண்டென்று தந்தை தொடங்குகிறார். பின்னர் ஓர் இரவு, நீரில் உப்பை இடச் செய்கிறார். காலையில் உப்பு கண்ணுக்குப் புலப்படவில்லை. மேலும் நடுவும் அடியும் சுவைத்தால் எங்கும் கரிக்கிறது. உள்பொருளும் இவ்வாறே எங்கும் கலந்துள்ளது, அதுவே நீயும் என்கிறார்.

நான் கல்லூரியில் பயின்ற நாளில் இவ்விடத்தில் தடைப்பட்டேன். உப்பைச் சுவைக்க நாவிருக்கிறது. சத்தைச் சுவைக்க எது இருக்கிறது என்று என் ஆசிரியரைக் கேட்டேன். கேள்வியில் சிறிது குறும்பும் இருந்தது. அவர் விடை கூறவில்லை. அதே அத்தியாயத்தின் ஏழாம் கண்டத்தைப் படித்து வருமாறு பணித்தார்.

அங்கே சுவேதகேது 15 நாள் உண்ணாதிருக்கிறான். நீர் மட்டும் பருகுகிறான். பின்பு வேதம் ஓதச் சொன்னால் ஒன்றும் நினைவில் வரவில்லை. 12 ஆண்டுக் கல்வி எங்கே போயிற்று? உண்டு வந்ததும் யாவும் திரும்பின. மனம் உணவைப் பற்றி நிற்பது என்பதைத் தந்தை சொல்லால் மட்டும் கற்பிக்கவில்லை, பட்டினியால் உணர்த்தினார். சோறின்றி அவிந்து, சோறுண்டு எரியும் இந்த மனத்தையா நான் ‘நான்’ என்று கருதியிருந்தேன்? என் கேள்விக்கு அது முழு விடையன்று. எனினும், கேட்டவன் யார் என்ற வேறொரு கேள்வி அன்று என்னைப் பற்றிக்கொண்டது.

உயிருக்கும் சத்துக்கும் உள்ள உறவில் பேராசிரியர்களே உடன்படவில்லை. சங்கரர் இரண்டும் ஒன்றே என்றார். இராமானுசர் உயிர் இறைவனுக்கு உடல் என்றார். மத்துவரோ சொற்களையே வேறுவகையாய்ப் பிரித்து, நீ அதுவல்லை என்று பொருள் கண்டார். இவ்வேறுபாட்டைக் குறையென நான் எண்ணுவதில்லை. சுவேதகேதுவும் எளிதில் ஒப்பியவனல்லன். தந்தை அவ்வுபதேசத்தை ஒன்பது முறை கூறுகிறார். ஒவ்வொரு முறையும் அவன், இன்னும் விளக்க வேண்டுமென்றே கேட்கிறான். அவரும் சலியாமல் ஆலம்விதையைப் பிளக்கச் செய்கிறார். ஆறுகளையும் தேனையும் காட்டுகிறார். ஒன்பதாம் முறைக்குப் பின்னரே மகன் அறிந்துகொண்டான் என்று அத்தியாயம் முடிகிறது.