குறை கேட்கும் செவி

தமிழ் மரபில், ஆசிரியன் எழுத்தாணியைக் கீழே வைத்த அன்றே ஒரு நூல் நூலாகிவிடுவதில்லை. அறிஞர் அவையில் படித்துக் காட்டி, எழுந்த ஐயங்களுக்கு விடை கூறி, குற்றம் நீங்கிற்று என்று அவையோர் ஒப்பிய பின்னரே அஃது உலகின் கைக்குச் சென்றது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதைப் பனம்பாரனார் தம் பாயிரத்தில் குறிக்கிறார். அரங்கேற்றம் இன்று விழாவாகிவிட்டது. அன்று அது தேர்வாக இருந்தது.

இறையனார் களவியல் உரை ஒரு செய்தியைக் கூறுகிறது. அந்நூலின் அறுபது நூற்பாக்களுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்று தேர்ந்து சொல்லக் காரணிகன் ஒருவனை நாடினர். அவர்களுக்குக் கிடைத்தவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன். அவன் வாய் பேசாதவன். பிறர் உரைகளைக் கேட்டு அவன் வாளா இருந்தான். மருதன் இளநாகனார் உரை வாசிக்கப்பட்டபோது சிலசில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரனார் உரைக்கோ சொல்தொறும் அவ்வாறாயினான். புலவர் அனைவரும் அதனையே மெய்யுரையாகக் கொண்டனர்.

சிறுவனின் கண்ணீரைக் காட்டிலும் ஏனைய புலவர்களின் அமைதியே ஈண்டு எண்ணத்தக்கது. காரணம் எதுவும் கூறாத ஒரு குழந்தை தம் உரை கேட்டு அசையவில்லை என்பதை அவர்கள் தீர்ப்பாக ஏற்றனர். வாசகரிற் பலர் உருத்திரசன்மனைப் போன்றவர்களே. 'இந்த இடத்தில் மனம் நின்றுவிட்டது' என்ற அளவிற்கே அவர்களாற் கூறவியலும். ஏன் நின்றது என ஆராய்தல் கவிஞனின் கடமை. அவர்கள் சொல்லும் மருந்து பொருந்தாமற் போகலாம். நோயுள்ள இடத்தை அவர்கள் பெரும்பாலும் சரியாகவே தொட்டுவிடுகின்றனர்.

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். எனினும், சமண நூற்பொருள் விளங்காத இடங்களில் அவ்வூர்ச் சைன அன்பர்களிடம் சென்று பாடம் கேட்கத் தயங்கினாரல்லர். 1887-இல் பதிப்பு வெளிவந்ததும் பாராட்டோடு கண்டனங்களும் எழுந்தன. அவற்றால் அடைந்த மனவருத்தத்தை 'என் சரித்திரத்தில்' அவர் மறைக்கவில்லை. ஆயினும் அவர் பணி நிற்கவில்லை. மேலும் ஏடுகளைத் தேடி, ஒப்பு நோக்கி, 1907-இலும் 1922-இலும் திருந்திய பதிப்புகளைத் தந்தார். கண்டனத்திற்கு ஒரு நூலாசிரியன் அளிக்கத்தக்க மறுமொழி அடுத்த பதிப்பே.

பிறமொழியிலிருந்தும் ஒரு சான்று. டி.எஸ்.எலியட் 1922-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'பாழ்நிலம்' என்னும் நெடுங்கவிதையின் கைப்படியைப் பாரிசில் எஸ்ரா பவுண்டிடம் கொடுத்தார். பவுண்டின் எழுதுகோல் இரக்கமின்றி ஓடியது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் போப்பின் நடையைப் பின்பற்றி எலியட் எழுதியிருந்த நீண்ட பகுதி முழுவதும் நீக்கப்பட்டது. போப்பே சிறப்பாகச் செய்து முடித்ததை மீண்டும் செய்வதற்குக் காரணமில்லை என்பது பவுண்டின் கருத்து. நான்காம் பகுதியின் நெடிய கடற்பயணம் வெட்டுண்டு பத்து அடிகளே எஞ்சின. மனம் சோர்ந்த எலியட், அப்பத்து அடிகளையும் எடுத்துவிடலாமா என்று வினவினார். பவுண்டு உடன்படவில்லை, கவிதைக்கு அவை இன்றியமையாதவை என வற்புறுத்தினார்.

திறனாய்வாளனின் நேர்மை இவ்விடத்திற்றான் புலனாகிறது. வெட்டத் தெரிந்தவனுக்குக் காக்கவும் தெரிந்திருந்தது. 'எதனை எடுக்கக் கூடாது' என்று சொல்ல வல்லவனே 'எதனை எடுக்க வேண்டும்' என்று சொல்லும் உரிமை உடையவன். எலியட்டும் பவுண்டின் குறிப்புகள் அனைத்தையும் ஏற்றுக்கொண்டவர் அல்லர். அவர் மனைவி விவியன் கூறிய அடியொன்றும் கவிதையில் இடம்பெற்றது. பின்னாளில் அந்நூலைப் பவுண்டுக்கே காணிக்கையாக்கினார் எலியட். 1971-இல் கைப்படியின் உருவப்பதிப்பு வெளிவந்தபோது, நீக்கப்பட்ட பகுதிகளை உலகம் கண்டது. அதனால் எலியட்டின் புகழ் குன்றவில்லை.

ஆதலின் குறை கேட்டல் என்பது பிறர் சொன்னபடியெல்லாம் திருத்துவதன்று. கேட்ட அன்றே மறுமொழி கூறாதிருத்தல் முதற்படி. புண்பட்ட மனம் சொல்லும் முதல் விடை பெரும்பாலும் தற்காப்பே. சில நாள் கழித்துக் கவிதையைப் பிறர் கவிதைபோல் வாய்விட்டுப் படித்தல் இரண்டாம்படி. ஒருவர் சுட்டிய குறையை எடைபோடலாம். தனித்தனியே மூவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்குக் கட்டாயம் நின்று பார்த்தல் வேண்டும். எல்லாம் செய்த பின்னரும் தன் சொல்லே சரியென மனம் உறுதியாகச் சொன்னால், அதனை மாற்றாமல் விடுவதும் கவிஞனின் உரிமையே. ஆனால் அவ்வுரிமை, கேட்டு ஆராய்ந்தவனுக்கே வாய்க்கிறது.

பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய வட்டத்திற்குச் சோதனையான பருவம். தொடக்கத்தில் அறியாதவர்களாய்க் கூடியவர்கள் இதற்குள் நண்பர்களாகியிருப்பர். நட்பு வளரும்போது கைதட்டலும் வளரும்; குறிப்புகள் குறையும். முதல் தொகுதி அணிந்துரையும் வாழ்த்துரையும் சுமந்து வரும். அதனை அச்சுக்கு முன் வரிவரியாகப் படித்தவர் எவரும் இலர் எனில், அந்நட்பால் கவிஞனுக்கு விளைந்த பயன் என்ன? புதிதாக வரும் இளங்கவிஞன் ஒருவன் பாடலை வாசித்து முடித்ததும், 'மிக நன்று' என்பதற்கு மேல் ஒரு சொல்லேனும் பெற்றுச் செல்வானாயின், பாண்டியன் அவை இன்னும் கலையவில்லை என்று கொள்ளலாம்.