ஒரு பேரேடும் பல கைகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிய இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கணிப்பொறித் துறையில் நான் கற்றது ஏதேனும் ஒன்றை இளைஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் எனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். கணிப்பொறியின் பெருமைகளை நீங்களே அறிவீர்கள். ஆதலின், நான் செய்த பிழை ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சிறு நகர் ஒன்றிலிருந்த இரத்தப் பரிசோதனைக் கூடத்திற்கு ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தது ஒரே கணிப்பொறி. அதனுள் ஒரே வேளையில் மூன்று பணிகள் நடந்தன. பரிசோதனைக் கருவி அனுப்பும் முடிவுகளை ஒன்று பதிவு செய்யும். முகப்பில் வருவோர்க்கு அவற்றை மற்றொன்று காட்டும். மருத்துவர்க்குரிய அறிக்கையை மூன்றாவது அச்சிடும். ஒரு நிரலுக்குள் இவ்வாறு தனித்தனியே ஓடும் பணிகளை 'இழைகள்' என்பர். மூன்று இழைகளுக்கும் தரவுத்தளம் ஒன்றே.

ஒரு நாள் மாலை ஒரு தாய் முடிவு கேட்டு வந்தார். காலையில் அவர் இரத்தம் கொடுத்திருந்தார். ஆயினும் பதிவில் அவர் முடிவு இல்லை. மறுநாள் வந்து மீண்டும் இரத்தம் கொடுக்குமாறு கூறி அனுப்பினர். அவர் நாட்கூலிக்குச் செல்பவர். கருவி தவறவில்லை; ஊழியரும் தவறவில்லை. தவறியது என் நிரல். அதற்கு ஒரு நாள் கூலியை இழந்தவரோ அவர்!

அது எவ்வாறு நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சு.

பெரிய நிறுவனங்களில் தரவுத்தளத்திற்கெனத் தனிக் கணிப்பொறியும், அதனைக் காக்கும் தனி நிரலும் இருக்கும். சிறிய இடங்களுக்கு அது மிகை. நிரலுக்குள்ளேயே அடங்கி, ஒரே கோப்பில் யாவற்றையும் எழுதிவைக்கும் தரவுத்தளங்களும் உண்டு. அவற்றுள் புகழ் பெற்றது எஸ்கியூலைட். அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்குரிய நிரல் ஒன்றில் பணியாற்றிய ரிச்சர்டு ஹிப் என்பவர், தனியே இயங்கும் தரவுத்தள நிரல் நின்றுவிட்டால் தம் நிரலும் பயனற்றுப் போவதைக் கண்டு, 2000ஆம் ஆண்டில் இதனைப் படைத்தார். எவர்க்கும் உரிமைத்தொகை செலுத்த வேண்டாத பொதுவுடைமையாக இதனை உலகிற்கு அளித்தார். இன்று உங்கள் கைப்பேசிகளுக்குள் இருப்பதும் இதுவே.

அலுவலகப் பேரேடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஐவர் சூழ நின்று அதனைப் படிக்கலாம், தீங்கில்லை. ஆனால் ஒருவர் எழுதும்போது மற்றொருவரும் எழுதினால் கணக்குக் குழம்பும். ஆகவேதான் பூட்டுகள் தேவைப்படுகின்றன. படிக்கும் இழை பகிர்வுப் பூட்டைப் பெறும். அதனைப் பலர் ஒருங்கே பெறலாம். எழுத விரும்பும் இழை முதலில் முன்பதிவுப் பூட்டைப் பெறும். அஃது ஒருவர்க்கே உரியது. எழுதியதைக் கோப்பில் நிலைநிறுத்தும் கணத்தில் தனியுரிமைப் பூட்டு வேண்டும். படிப்போர் அனைவரும் விலகினாலன்றி அது கிட்டாது. புதிது புதிதாகப் படிப்போர் வந்துகொண்டேயிருந்தால் எழுதுவோர் காலமெல்லாம் நிற்க நேரும் அல்லவா? அதனைத் தடுக்க இடையில் காத்திருப்புப் பூட்டு ஒன்றும் உண்டு. அது விழுந்தபின் புதியவர் படிக்கத் தொடங்க இயலாது. முன்னரே படிப்பவர் முடிக்கும் வரை எழுதுபவர் காத்திருப்பார்.

என் நிரலில் அறிக்கை இழை செய்தது யாது? பேரேட்டைத் திறந்து, ஒரு வரியைப் படித்து, அதனை அச்சுப்பொறிக்கு அனுப்பி, பிறகே அடுத்த வரியைப் படித்தது. முடியும் வரை பகிர்வுப் பூட்டு அதன் கையில். அச்சுப்பொறியில் தாள் தீர்ந்தால், எவரேனும் வந்து தாள் வைக்கும் வரையிலும் பூட்டு அதன் கையிலேயே! அன்று நண்பகலில் அறிக்கை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அத்தாயின் முடிவு கருவியிலிருந்து வந்தது. எழுத முயன்ற இழைக்குத் "தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது" என்ற மறுப்பு கிடைத்தது. எத்துணை நேரம் காத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லாவிடின், எஸ்கியூலைட் சிறிதும் காத்திராது உடனே மறுத்துவிடும். நான் சொல்லவில்லை. வந்த மறுப்பையும் என் நிரல் செவிமடுக்கவில்லை. முடிவைக் கைவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிட்டது.

நண்பர்களே, பூட்டின் மேல் நான் பழி சொல்ல மாட்டேன். பூட்டு இல்லையேல் எல்லார் கணக்கும் அழிந்திருக்கும். தேவை முடிந்தபின்னும் பூட்டைப் பிடித்திருந்ததும், மறுக்கப்பட்டவர் குரலைக் கேளாதிருந்ததுமே என் இரு பிழைகள்.

திருத்தியது எவ்வாறெனின், முதலாவதாக, அறிக்கை இழை வேண்டியவற்றை ஒரே மூச்சில் நினைவகத்தில் படித்துக்கொண்டு, பூட்டை விடுத்து, அதன்பின் அச்சிடுமாறு மாற்றினேன். இரண்டாவதாக, பூட்டு கிட்டாவிடில் 5 நொடி வரை காத்திருக்கப் பணித்தேன். மூன்றாவதாக, அதன்பின்னும் மறுப்பு வந்தால் முடிவை வரிசையில் வைத்து மீண்டும் முயலவும், ஊழியர்க்குத் திரையில் அறிவிக்கவும் செய்தேன். நான்காவதாக, ஒவ்வோர் இழைக்கும் தனி இணைப்புத் தந்தேன்.

காத்திருத்தல் எல்லா நோய்க்கும் மருந்தன்று. இரு இழைகள் படிக்கத் தொடங்கி, பின் இரண்டும் எழுத விரும்பினால், ஒன்று விலகட்டும் என மற்றொன்று நிற்கும், இரண்டும் நகரா. எஸ்கியூலைட் இதனை உணர்ந்து ஒன்றை உடனே மறுத்துவிடும். மறுக்கப்பட்ட இழை தன் பணியைக் கைவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுதப்போவது முன்னரே தெரியுமாயின், தொடக்கத்திலேயே எழுதும் உரிமையைக் கேட்டுப் பெறுவது அறிவுடைமை.

2010ஆம் ஆண்டில் வெளிவந்த 3.7.0 பதிப்பில் வேறொரு முறையும் வந்தது. புதிய மாற்றங்களைத் தனிக் குறிப்புக் கோப்பில் எழுதி, பின்னர்ப் பேரேட்டில் சேர்ப்பது அம்முறை. இதனால் படிப்போர் எழுதுவோரைத் தடுப்பதில்லை. எழுதுவோர் படிப்போரைத் தடுப்பதில்லை. எனினும் ஒரு வேளையில் எழுதுவோர் ஒருவரே. ஒருவர் நெடுநேரம் படித்துக்கொண்டேயிருந்தால் குறிப்புக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். அனைத்து இழைகளும் ஒரே கணிப்பொறியில் இருத்தலும் வேண்டும். ஆகவே புதிய முறை வந்தபோதும், விரைந்து முடித்து விலகும் பழைய ஒழுக்கம் தேவையாகவே உள்ளது.

இளைஞர்களே, உங்களுட் பலர் நாளை இத்தொழிலுக்கு வருவீர்கள். வேகமாக எழுதக் கற்பிப்போர் பலர் உளர். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியிலும், மறுப்பு வந்தால் நிரல் என்ன செய்யும் என்று கேட்டுப் பாருங்கள். பொதுப் பொருளைக் கையில் எடுத்தால், எப்பொழுது விடுவோம் என்று எண்ணிய பின்னரே எடுங்கள். திரைக்கு அப்பால், ஒரு நாள் கூலியை விடுத்து ஒரு தாய் வந்து நிற்கிறார் என்பதை மறவாதீர்கள்.