இடக்கை அறியாத கொடை

(யூபிலி விழாவை முன்னிட்டுப் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு நன்றியின் ஆண்டு. நன்றி கூறும்போது பெயர்களைக் கூறுகிறோம். பீடத்திற்குக் கொடுத்தவர், மணிக்குக் கொடுத்தவர் என்று பட்டியல் வாசிக்கிறோம். அது தவறன்று. ஆனால் அந்தப் பட்டியலில் நம் பெயர் விடுபட்டிருந்தால் நம் உள்ளம் என்ன பாடுபடும்? இதனை இன்று சிந்திப்போம்.

ஆண்டுதோறும் திருநீற்றுப் புதனன்று மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தைத் திருச்சபை நமக்கு வாசித்துக் காட்டுகிறது. தருமம், செபம், நோன்பு ஆகிய மூன்றையும் பிறர் பார்வைக்காகச் செய்யலாகாது என்று நம் ஆண்டவர் அங்கே எச்சரிக்கிறார். அதே மலைப்பொழிவில், 5-ஆம் அதிகாரத்தில், நம் நற்செயல்களை மக்கள் காணவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். இவை முரண்படுகின்றனவா? இல்லை. கண்டவர் வானகத் தந்தையைப் புகழ்ந்தால் நம் செயல் விளக்காகிறது. நம்மைப் புகழவேண்டும் என்று நாம் ஏங்கி நின்றால், கைம்மாறு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

1833-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவர்தம் தோழர் சிலரும் ஒன்றுகூடினர். கத்தோலிக்கர் இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்று உடன் பயின்றோர் கேலி பேசினர். அதற்கு மேடையேறிப் பதில் சொல்லாமல், ஏழைகளின் வீட்டுப் படி ஏறினர் இந்த இளைஞர்கள். புனித வின்சென்ட் தே பவுல் சபை இவ்வாறே தோன்றியது. 1853-இல் தமது 40-ஆம் வயதில் மறைந்த ஓசானாமைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1997-இல் அருளாளராக உயர்த்தினார்.

அச்சபையின் கூட்டங்களில் இரகசியக் காணிக்கை எடுப்பது வழக்கம். ஒரு பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் கையை உள்ளே விட்டு எடுப்பர். நூறு ரூபாய் இட்டவரும், ஒரு ரூபாய் இட்டவரும், அன்று ஒன்றும் இட இயலாதவரும் பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரிவர். உள்ளவருக்குப் பெருமையில்லை, இல்லாதவருக்கு வெட்கமில்லை. ஆயினும் சேர்ந்த தொகை கணக்கில் ஏறும். கொடுத்தவர் பெயர் மட்டும் ஏறாது.

இந்த மறைவு கொடுப்பவரின் ஆன்மாவுக்கு மருந்து. பெறுபவரின் மானத்திற்குக் காவல். ஓர் ஏழைத் தாயை மேடைக்கு அழைத்து, கையில் ஒரு சேலையைக் கொடுத்துப் புகைப்படம் எடுக்கிறோம். அவள் தலைகுனிந்து நிற்கிறாள். மறுநாள் அவள் மகன் பள்ளிக்குச் செல்லவேண்டும். அவனோடு படிக்கும் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தாமே?

ஆகவே ஒரு வேண்டுகோள். யூபிலி நினைவாக நாம் வழங்கவிருக்கும் கல்வி உதவியும் மருத்துவ உதவியும் மேடைக்கு வரவேண்டாம். பொழுது சாய்ந்தபின் வீடு தேடிச் சென்று கொடுப்போம். கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் விழா மலரில் வேண்டாம். மொத்தத் தொகை மட்டும் பங்குக் கணக்கில் இருக்கட்டும். கோயில் சுவரில் பெயர் பொறித்த கல்லும் ஒருநாள் தேயும். நாம் மறைவாய்ச் செய்ததைக் கண்ட தந்தையோ மறப்பதில்லை.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.