பொறியினுள் புகுந்த மொழிபெயர்ப்பு

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டம், போர்த்துக்கீசியர் குடியேறி வாழ்ந்த சாந்தோமில் கூடியுள்ளது. தமிழ் அச்சேறிய வரலாற்றிலும் அவர்தம் மொழிக்குப் பங்குண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூல், போர்த்துக்கீசிய மூலத்திலிருந்து அண்டிறிக் அடிகளார் பெயர்த்தது. அன்று அச்சுப்பொறிக்குள் மொழிபெயர்ப்பாகவே நுழைந்த தமிழ், இன்று கணினியின் கட்டளைகளுக்குள்ளும் அவ்வாறே நுழைந்துள்ளது.

கணினி நிரலில் வரும் தொடர்களை நிரலினின்று பிரித்துத் தனிக்கோப்பில் தொகுத்து வைப்பது இன்றைய முறை. சன் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'கெட்டெக்ஸ்ட்' முறையை, 1995இல் ஜிஎன்யூ திட்டத்தார் கட்டற்ற மென்பொருளாக வழங்கினர். கோப்பில் ஆங்கிலத் தொடர் ஒரு வரி. அதன்கீழ்த் தமிழ்த் தொடர் ஒரு வரி. நிரல் ஆங்கிலத் தொடரைத் திறவுகோலாகக் கொண்டு தமிழைத் தேடி எடுக்கும். கிட்டாவிடில் ஆங்கிலத்தையே காட்டும். மூலத் தொடர் சிறிது மாறினும், பழைய மொழிபெயர்ப்பு 'ஐயத்துக்குரியது' எனக் குறிக்கப்பட்டு ஒதுக்கப்படும். மறுபடி ஒருவர் பார்த்து ஒப்பும்வரை அவ்விடத்தில் ஆங்கிலமே நிற்கும். எனவே ஒருமுறை பெயர்த்து முடித்தோம் என ஓய்வதற்கு இங்கு இடமில்லை.

இலக்கணம் அறிந்தோர்க்கு இங்கு வேலை மிகுதி. 'ஓப்பன்' என்னும் ஒரே ஆங்கிலச் சொல், கட்டளையாயின் 'திற'. நிலையைச் சுட்டின் 'திறந்துள்ளது'. இடமறியாது பெயர்த்தால் பொருள் கெடும். ஆகவே ஒவ்வொரு தொடர்க்கும் அது வரும் சூழலைக் குறித்து வைக்கவும் அம்முறை வழிசெய்கிறது. எண்ணைப் பொறுத்தவரை தமிழுக்கு ஒருமை, பன்மை என இரு வடிவம் போதும். அரபிக்கோ ஆறு வேண்டும்.

வேற்றுமை உருபில்தான் பெரும் இடர்ப்பாடு. ஆங்கிலத்தில் வெற்றிடம் விட்டுப் பெயரை நிரப்பினால் தொடர் முடிந்துவிடும். தமிழிலோ 'படம்' என்பது 'படத்தை' ஆகும். 'நாடு' என்பது 'நாட்டை' ஆகும். பொறி இச்சாரியையும் புணர்ச்சியும் அறியாது, 'படம்-ஐ நீக்கு' என எழுதிவிடும். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர், 'படம் என்னும் கோப்பை நீக்கு' என அமைப்பார். உருபு, தாம் முன்பே அறிந்த 'கோப்பு' என்னும் சொல்லின்மேல் ஏறிவிடுகிறது. நிரப்பப்படும் பெயர் எதுவாயினும் தொடர் பிழைபடாது. பொறியின் குறையை மொழியின் வளத்தால் தீர்ப்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கு ஒழுங்கு தந்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. கேடிஇ, க்னோம் முதலிய மென்பொருள்களைப் பல நாட்டுத் தமிழன்பர் ஊதியமின்றிப் பெயர்த்துள்ளனர். எழுத்துச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. தொடர்ச் சிக்கல் நிற்கிறது. அவ்வன்பருள் பலர் பொறியியலார். தமிழ் கற்றோர் இன்னும் போதிய அளவில் அவர்களுடன் சேரவில்லை.

தொல்காப்பிய மரபியல் மொழிபெயர்ப்பையும் வழிநூல் வகைகளுள் ஒன்றாக வைத்துப் பெருமை செய்தது. நாளை ஒரு குழந்தை பாடநூலுக்கு முன்னரே கைப்பேசித் திரையில் தமிழ்த் தொடரைப் படிக்கக்கூடும். அத்தொடர் பிழையாயின் பிழையே வழக்காகும். ஆதலின் இவ்வட்டத்துக் கவிஞர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நூறு தொடர்களையேனும் படித்துத் திருத்தித் தருதல் வேண்டும். சொல்லின் எடையறிந்தோர் செய்யத்தக்க பணி அது.