ஒரு பழைய பத்திரிகைத் தாள்

(சங்கக் கூட்டமொன்றிற் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



போதைப்பொருட் கடத்தற்காரன் ஒருவனைப் பற்றிப் பேசுவது இந்த மேடைக்குத் தகுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அவனைப் பற்றிய சினிமாப் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் எங்கள் வீடுகளுக்குள் வந்துவிட்டன. அவன் முகம் பொறித்த சட்டைகள் உலகின் பல நகரங்களில் விலைபோகின்றன. ஆகவே, அவன் கதையிலே பலரும் விரைந்து கடந்து செல்லும் ஓரிடத்திற் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன்.

பப்லோ எஸ்கோபார் 1949 ஆம் ஆண்டு டிசெம்பர் 1 ஆந் திகதி கொலம்பியா தேசத்து ரியோநெக்ரோ என்னும் ஊரிற் பிறந்தவன். தந்தை கமக்காரர், தாயார் பாடசாலை ஆசிரியை. மெடெயின் நகருக்கு அண்மையில் வளர்ந்து, களவிலும் சில்லறைக் கடத்தலிலும் பழகி, 1970 களின் நடுவிலே கொக்கெயின் வியாபாரத்திற் புகுந்தான். பெருவிலும் பொலிவியாவிலும் விளைந்த கொக்கா இலை பசையாகக் கொலம்பியா சேரும். அங்கே காட்டுக்குள் மறைந்த ஆலைகளில் வெண்பொடியாகும். சிறு விமானங்களிற் கரீபியன் கடலைத் தாண்டி அமெரிக்கா போய்ச் சேரும். மலைச்சாரற் கமக்காரன் சொற்ப காசுக்குக் கொடுத்த இலை, மயாமித் தெருக்களிற் பொன்னிலும் மேலான விலை பெற்றது. 1987 இல் 'போர்ப்ஸ்' சஞ்சிகை உலகக் கோடீஸ்வரர் வரிசையில் அவன் பெயரையும் சேர்த்தது.

பணம் வந்தபின் அவனுக்கு மரியாதை வேண்டியிருந்தது. மெடெயினிலே குப்பைமேட்டில் வாழ்ந்த ஏழைகளுக்கு வீடுகள் கட்டினான். உதைபந்தாட்ட மைதானங்களுக்கு விளக்குப் போட்டான். அவர்கள் அவனை வாழ்த்தினார்கள். அதற்காக அவர்களை ஏளனஞ் செய்ய என் மனம் ஒப்பவில்லை. அரசாங்கம் எட்டிப் பாராத இடத்துக்குக் கூரையோடு வந்தவன் அவன். 1982 இற் பிரதிநிதிகள் சபைக்கு மாற்று உறுப்பினனாகவும் தெரிவானான்.

இங்கேதான் நாம் நிற்கவேண்டிய இடம். 1983 ஓகஸ்டில் நீதி மந்திரி றொட்ரிகோ லாரா பொனியா சபையிலே இவன்மீது குற்றஞ் சாட்டினார். தான் நேர்மையான வர்த்தகன் என்றான் இவன். தலைநகர் பொகோட்டாவில் 'எல் எஸ்பெக்ரடோர்' என்னும் பத்திரிகையின் ஆசிரியர் கில்லெர்மோ கானோ அவர்களுக்கு அந்த முகத்தை முன்னர் எங்கோ கண்ட நினைவு. பழைய இதழ்களைப் புரட்டுவித்தார். அகப்பட்டது 1976 யூன் மாதத்துச் செய்தி: லொறியின் உதிரிச் சில்லுக்குள் கொக்கெயின் கடத்திப் பிடிபட்டவர்களின் படம். அவர்களுள் ஒருவன் நமது கனம் உறுப்பினன்! அந்த வழக்கு முடிவு காணாமலே கரைந்து போயிருந்தது.

ஓகஸ்ட் 25 ஆந் திகதி கானோ அச்செய்தியை மறுபடியும் பிரசுரித்தார். எஸ்கோபாரின் ஆட்கள் மெடெயினில் அகப்பட்ட பிரதிகளையெல்லாம் வாங்கி ஒளித்தார்களாம். தாளை வாங்கலாம்; அதை வாசித்தவனின் நினைவை எங்கே வாங்குவது? சபை உறுப்பினனுக்குரிய பாதுகாப்புப் பறிபோயிற்று. 1984 சனவரியில் அரசியலை விட்டே விலகினான். நாட்டை ஆளலாம் என்றிருந்தவன் ஒளித்துத் திரிய நேர்ந்தது.

இதற்குக் கொடுத்த விலை கொஞ்சமன்று. 1984 ஏப்ரல் 30 ஆந் திகதி மந்திரி லாரா சுட்டுக் கொல்லப்பட்டார். கானோ அஞ்சவில்லை, கடத்தற்காரரை அமெரிக்க நீதிமன்றங்களுக்கு ஒப்படைக்க வேண்டுமென்று தொடர்ந்து எழுதினார். எஸ்கோபார் கூட்டத்தார் உலகில் அஞ்சியது அந்த ஒன்றுக்குத்தான். 1986 டிசெம்பர் 17 மாலை, காரியாலயத்திலிருந்து புறப்பட்ட கானோவை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டுக் கொன்றனர். அவருக்கு வயது 61. கொலம்பியாவின் பத்திரிகைகளும் வானொலியும் தொலைக்காட்சியும் ஒரு நாள் முழுவதும் மௌனம் அனுட்டித்தன.

சிலர் எஸ்கோபாரை ரொபின் கூட்டுக்கு ஒப்பிடுகிறார்கள். மிஷன் பாடசாலையில் அந்த ஆங்கிலக் கதையை நானும் படித்தேன். ரொபின் கூட் குண்டு வைத்து அப்பாவிப் பிரயாணிகளைக் கொன்றதாக அதில் இல்லை. 1989 நவம்பர் 27 இல் அவியாங்கா விமானம் வானத்தில் வெடித்து, அதிலிருந்த 107 பேரும் நிலத்தில் நின்ற மூவரும் மாண்டார்கள். குறி வைக்கப்பட்ட சனாதிபதி அபேட்சகர் கவிரியா அவ்விமானத்தில் ஏறவேயில்லை.

மிகுதிக் கதை நீங்கள் அறிந்ததே. 1991 யூன் 19 இல் நாடுகடத்தலுக்குத் தடை கிடைத்தவுடன் சரணடைந்தான். தானே வசதியாக அமைத்த மறியற்சாலையில் இருந்தான். 1992 யூலையில் அங்கிருந்தும் தப்பினான். 1993 டிசெம்பர் 2 ஆந் திகதி, 44 ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், மகனோடு தொலைபேசியிற் பேசியபோது இருப்பிடம் அறியப்பட்டு, மெடெயினில் ஒரு வீட்டுக் கூரைமேல் வெடிபட்டு விழுந்தான்.

பத்திரிகை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1989 செப்டெம்பர் 2 இல் அதன் கட்டிடத்தையும் வெடிமருந்து ஏற்றிய லொறியாற் சிதைத்தார்கள். மறுநாட் காலையிலும் இதழ் வெளிவந்தது, பக்கங்கள் குறைந்து. தலைப்பு: "தொடர்ந்து செல்கிறோம்."