படைவீரர் இல்லமும் நமது கடமையும்



வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என அழைப்பர். தலைமுறைதோறும் படைக்கு மைந்தர்களை அனுப்பிவரும் ஊர் அது. இத்தகைய ஊர்களில் கணவர் எல்லையைக் காக்க, மனைவியே மடை திறக்கிறார், விதை வாங்குகிறார், மாமன் மாமியைப் பேணுகிறார். '56 ஏ.பி.ஓ.' என்று முகவரியிட்டு அவர் எழுதும் கடிதம் எவ்வூர் செல்கிறது என்பதை அந்த எண் கூறாது.

"வீட்டு ஆண்பிள்ளை வரட்டும்" என்று அச்சகோதரியின் முறைத்தண்ணீரை நாம் தள்ளிவைத்தல் தகாது. வரப்புத் தகராறு நீதிமன்றம் ஏறினாலும் அவர் அஞ்ச வேண்டியதில்லை. போர்முனையிலோ, அரசு அறிவித்த பகுதிகளிலோ பணியாற்றும் வீரர் வர இயலாதபோது வழக்கை நிறுத்திவைக்க 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் வகை செய்கிறது. மாவட்ட ஆட்சியர் அதற்குச் சான்றளிக்கலாம். இதனை அவ்வில்லங்களுக்கு எடுத்துரைப்போம். எல்லையில் நிற்பவரின் வரப்பைக் காப்பது நம் பொறுப்பே.