கடலடியில் மேயுறவங்க

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான். கலங்கின தண்ணி, கண்ணு சரியா தெரியாது, சாப்பாடு சேத்துக்குள்ள இருக்கு. எப்படிக் கண்டுபிடிச்சு சாப்பிடுறது?

வெள்ளிமலைப் பக்கம் கேக்கறவங்களுக்கு இது சுலபமாப் புரியும். ராத்திரி மரவள்ளிக் காட்டுல பன்னி இறங்கினா, காலையில மண்ணு கிளறிக் கிடக்கும். பன்னியைப் பார்க்கவே வேணாம், தடம் போதும். கடலடியிலயும் அப்படித் தடம் விடுற ரெண்டு பேர் இருக்காங்க.

முதல் ஆள் சாம்பல் திமிங்கிலம். வட பசிபிக்ல, ஆர்க்டிக் பக்கம் இருக்கு. பல் கிடையாது. தரைக்குப் போய் ஒருக்களிச்சுப் படுத்து, நாக்கைப் பின்னாடி இழுக்கும். வாய்க்குள்ள உறிஞ்சுற வேகம் உண்டாகி சேறு உள்ள வரும். மேல்தாடையில தொங்குற சல்லடைத் தட்டுகள் வழியா தண்ணியையும் சேத்தையும் வெளிய தள்ளும். ஆம்பிபாட்னு சொல்ற, இறால் மாதிரியான குட்டி உயிரினங்கள் உள்ளயே நின்னுடும். பெரும்பாலானவை வலது பக்கமாவே சாயும்; அதனால அந்தப் பக்கத்துச் சல்லடை தேய்ஞ்சு போயிருக்கும். அது மேஞ்ச இடத்துல தரையில குழி விழும்.

ரெண்டாவது ஆள் நம்ம ஊர்க்காரர். பாக் விரிகுடாவுல இருக்கிற கடல் பசு, மீனவர்கள் சொல்ற ஆவுளியா. இது திமிங்கில இனம் இல்ல, சாப்பிடுறதும் கடற்புல்தான். ஆனா வேலை அதே தரையில. மூஞ்சி கீழ்நோக்கி வளைஞ்சிருக்கும், உதட்டைச் சுத்தி முரட்டு முடி. அந்த முடிதான் அதோட சென்சார். தொட்டுத் தொட்டுப் புல்லைக் கண்டுபிடிச்சு, வேரோட பிடுங்கும். ஒரு நாளைக்குச் சுமார் 30, 40 கிலோ. போன வழியில புல்வெளிக்கு நடுவுல ஏர் ஓட்டின மாதிரி நீளமா ஒரு கோடு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு பேருக்கும் தரைதான் தட்டு. ஆர்க்டிக்ல பனிக்கட்டியோட சேர்ந்து வளர்ற பாசி அடியில விழுந்துதான் ஆம்பிபாட்டுக்கு உணவு. பனி குறைஞ்சா அந்தச் சங்கிலி அறுந்துடும். 2019ல இருந்து 2023 வரைக்கும் வட அமெரிக்கக் கரையோரம் நூத்துக்கணக்கான சாம்பல் திமிங்கிலங்கள் செத்து ஒதுங்குச்சு. நிறைய திமிங்கிலங்கள் எலும்பும் தோலுமா இருந்துச்சு.

இங்க ஆபத்து வேற மாதிரி. ஆவுளியா ஒரு கோடு மேஞ்சா, பக்கத்துப் புல் படர்ந்து அதை மூடிடும். ஆனா இழுவை மடி தரையை வாரிட்டுப் போனா, மறுபடி படர்றதுக்குப் பக்கத்துல புல்லே மிஞ்சாது. இந்த விலங்கும் சில வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், இழப்பைச் சீக்கிரம் ஈடுகட்ட முடியாது. 2022 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில 448 சதுர கிலோமீட்டரை கடற்பசு பாதுகாப்பகமா அறிவிச்சுது. இந்தியாவுலயே இது முதல் தடவை. வலையில மாட்டின ஆவுளியாவை மீனவர்களே திரும்பக் கடல்ல விடுறாங்க, வனத்துறை அவங்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்குது.

ரொம்ப நல்ல விஷயம். ஆனா விலங்கை விட்டா மட்டும் போதாது, அது மேயுற புல்லும் அங்க இருக்கணும். ஒரு இடத்துல ஆவுளியா இருக்கான்னு தெரியணும்னா, முதல்ல அந்தக் கோடு இருக்கான்னு பாருங்க.